பெரிய வீடு

அமெரிக்க நாட்டின் வட கரோலினா மாநிலத்தில் வின்ஸ்டன்-சேலம் என்றோர் ஊர் உண்டு. நம் மாங்கனிச் சேலத்துக்கும் அதற்கும் உறவேதும் இல்லை. 1766ஆம் ஆண்டில் அங்குக் குடியேறிய மொராவியக் கிறித்தவர்கள் தங்கள் ஊருக்குச் சேலம் என்று பெயரிட்டனர். அமைதி என்பது அதன் பொருள். நாம் ஒருவரையொருவர் காணும் போதெல்லாம் வாயாரச் சொல்லும் ஸலாமும் அச்சொல்லும் ஒரே வேரில் கிளைத்தவை. அருகிலிருந்த வின்ஸ்டன் என்னும் புகையிலை நகரோடு அவ்வூர் 1913ஆம் ஆண்டில் இணைந்து இரட்டைப் பெயர் பூண்டது. ஊரின் பெயரில் அமைதி இருந்தது. ஊருக்கு நடுவிலோ கண்ணுக்குத் தெரியாத கோடொன்று ஓடியது. இப்புறம் வெள்ளையர்; அப்புறம் கறுப்பின மக்கள். பள்ளி வேறு, உணவகம் வேறு, இறந்தபின் உறங்கும் மண்ணும் வேறு!

அந்த ஊருக்கு 1945ஆம் ஆண்டில் இருபத்திரண்டு வயது இளைஞர் ஒருவர் வந்து சேர்ந்தார். வேதியியலில் பட்டம் பெற்றவர். பல் மருத்துவராக வேண்டுமென்பது அவரது கனவு. சிறிது காலம் இங்கிருந்து பணியாற்றிவிட்டு மேற்படிப்புக்குச் சென்றுவிடலாம் என எண்ணியே அவர் வந்தார். ஆனால் அவர் அந்த ஊரைவிட்டுப் போகவே இல்லை. 1993ஆம் ஆண்டு வரை அங்கேயே பணியாற்றினார். ஓய்வு பெற்ற பின்னரும் அங்கேயே வாழ்ந்து, 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 18ஆம் நாள், எண்பத்தோராம் வயதில் அங்கேயே கண்மூடினார். அவர்தாம் கிளாரன்ஸ் கெயின்ஸ். அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுலகம் அவரைப் 'பிக் ஹவுஸ்' என்றே அழைத்தது. பெரிய வீடு என்பது அதன் பொருள்.

ஒரு மனிதருக்கு வீடு எப்படிப் பெயராயிற்று? கென்டக்கி மாநிலத்தின் பதூக்கா என்னும் ஆற்றங்கரை நகரில் 1923ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் பிறந்தவர் கெயின்ஸ். படிப்பிலும் கெட்டி, உடலிலும் கெட்டி. பால்டிமோர் நகரில் கறுப்பின மாணவர்களுக்கென அமைந்திருந்த மார்கன் ஸ்டேட் கல்லூரிக்கு அவர் சென்று நின்றபோது, ஆறடிக்கு மேல் உயர்ந்திருந்த அந்த மலை போன்ற உருவத்தைக் கண்டு மலைத்துப்போன கல்லூரி அலுவலர் ஒருவர், வீட்டைத் தவிர இவ்வளவு பெரியதொன்றைத் தாம் கண்டதில்லை என்றாராம். விளையாட்டாகச் சொன்ன சொல், வாழ்நாளெல்லாம் ஒட்டிக்கொண்டது.

அங்கு அவர் ஆடியது அமெரிக்கக் கால்பந்து. பெயர்தான் கால்பந்தேயொழிய நாம் ஆடும் கால்பந்தன்று அது. முட்டை வடிவான பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுவதும், ஓடுபவனை மடக்கி வீழ்த்துவதும், தோளோடு தோள் மோதி வழி திறப்பதுமே அதில் மிகுதி. கெயின்ஸ் முன்வரிசையில் நின்று மோதுபவர். பந்து அவர் கைக்கு வருவதில்லை; பந்து வைத்திருப்பவனுக்கு வழியமைத்துத் தருவதே அவர் வேலை. பின்னாளில் அவர் செய்த தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி வேறெது?

மார்கன் ஸ்டேட்டில் அவருக்குப் பயிற்றுநராக வாய்த்தவர் எட்வர்ட் ஹர்ட் என்னும் பெரியவர். கால்பந்து, கூடைப்பந்து, ஓட்டப்பந்தயம் ஆகிய மூன்றையும் ஒருவரே கற்பித்தார். பட்டம் பெற்று நின்ற கெயின்ஸை வின்ஸ்டன்-சேலம் ஆசிரியர் கல்லூரியில் உதவிப் பயிற்றுநராக அனுப்பி வைத்தவரும் அவரே. மறு ஆண்டே, 1946இல், அங்கிருந்த தலைமைப் பயிற்றுநர் வேறு கல்லூரிக்குப் போய்விட்டார். இருபத்து மூன்று வயது இளைஞரின் தலையில் அத்தனை பொறுப்பும் வந்து விழுந்தது. கால்பந்துக்கும் அவரே பயிற்றுநர், கூடைப்பந்துக்கும் அவரே. விளையாட்டுத் துறைத் தலைவரும் அவரே. காயம்பட்டவனுக்குக் கட்டுப் போடுபவரும் அவரே. நுழைவுச்சீட்டு விற்பனையைக் கவனிப்பவரும் அவரே. இவை போதாவென்று உடற்கல்வி வகுப்புகளும் எடுத்தாக வேண்டும்!

இதனை ஒரு தனி மனிதரின் வல்லமை என்று மட்டும் கொண்டால் உண்மையில் பாதியை இழந்துவிடுவோம். அக்காலக் கறுப்பினக் கல்லூரிகளுக்கு அரசு ஒதுக்கிய பொருள் அற்பம். இரு பயிற்றுநர்களுக்கு ஊதியம் தரும் வசதி இல்லாத இடத்தில்தான் ஒருவர் இரு விளையாட்டையும் சுமக்க நேர்ந்தது. இல்லாமையே அவர்களைப் பல கலை வல்லவர்களாக ஆக்கியது. வெளியூர்ப் போட்டிக்குப் போனால் வழியில் உணவகம் இல்லை. இருந்தும், இவர்களுக்குக் கதவு திறவாது. தங்க விடுதி கிடையாது. போகும் ஊரிலுள்ள கல்லூரியிலோ, கறுப்பினக் குடும்பங்களின் வீடுகளிலோ பிள்ளைகளை உண்ணவும் உறங்கவும் வைக்க வேண்டும். பயிற்றுநர் என்பவர் அங்குத் தந்தையாகவும் சமையற்காரராகவும் காவலராகவும் இருந்தே தீர வேண்டியிருந்தது.

கால்பந்தில் அவர் 1948ஆம் ஆண்டில் தம் கல்லூரிகள் கூட்டமைப்பின் சிறந்த பயிற்றுநர் எனப் பாராட்டப்பெற்றார். 1949ஆம் ஆண்டோடு கால்பந்துப் பொறுப்பை விட்டுக் கூடைப்பந்திலேயே கருத்தைச் செலுத்தினார். நியூயார்க்கின் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் 1950ஆம் ஆண்டில் முதுகலைப் பட்டமும் பெற்றார். பல் மருத்துவக் கனவு அத்தோடு கலைந்தது. கலைந்தது என்பதைவிட, வேறு வடிவம் கொண்டது எனலாம்.

*

கெயின்ஸ் ஆடிப் பழகியது பெரிதும் கால்பந்தே. கூடைப்பந்தின் நுட்பங்களை அவர் போட்டியாளரிடமிருந்தே கற்றார். அதே மாநிலத்தின் டர்ஹம் நகரக் கறுப்பினக் கல்லூரியில் ஜான் மெக்லெண்டன் என்றொருவர் பயிற்றுநராக இருந்தார். பந்து தன் கூடையருகே கைப்பற்றப்பட்ட மறுகணமே அதனைப் பக்கவாட்டில் எறிந்து, மூவர் மூன்று தடத்தில் பாய்ந்து, எதிரணி நிலைகொள்ளுமுன் புள்ளியீட்டும் விரைவோட்ட முறையில் அவர் வல்லவர். இந்த மெக்லெண்டன் கான்சஸ் பல்கலைக்கழகத்தில் பயின்ற காலத்தில், கறுப்பினத்தவர் என்பதால் பல்கலைக்கழக அணியில் ஆட இடம் பெறவில்லை. ஆயினும் அங்கு அவருக்கு வழிகாட்டியாக வாய்த்தவர் யார் தெரியுமா? ஜேம்ஸ் நெய்ஸ்மித். ஆம், 1891ஆம் ஆண்டு டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரின் கிறித்தவ வாலிபர் சங்கப் பயிற்சிப் பள்ளியில், உள்ளரங்க மாடத்தின் விளிம்பில் பழக்கூடைகளை அடித்து மாட்டிக் கூடைப்பந்தையே தோற்றுவித்தவர்!

நெய்ஸ்மித்திடமிருந்து மெக்லெண்டன், மெக்லெண்டனிடமிருந்து கெயின்ஸ். கலை இங்ஙனம் கைமாறி வந்தது. இந்தத் தொடரின் மற்றொரு கிளை நம் மண்ணையும் தொட்டது. அதே ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற ஹாரி குரோ பக் என்பவர் சென்னைக்கு வந்து, 1920ஆம் ஆண்டில் கிறித்தவ வாலிபர் சங்க உடற்கல்விக் கல்லூரியைத் தொடங்கினார். தமிழகத்தின் எத்தனையோ பள்ளிகளில் ஊதல் ஊதிய ஆசிரியர்கள் அங்கே உருவானவர்கள். அவர்களுள் ஒருவரிடம் பாடங்கேட்டு, அத்தொழிலையே என் வாழ்வாகவும் கொண்டவன் யான். முப்பத்தைந்து ஆண்டுக் காலம் ஒரு சிற்றூர் உயர்நிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியனாய் இருந்தேன். மக்கள் வாயில் எனக்கு வழங்கிய பெயர் 'டிரில் மாஸ்டர்'. நம் குடும்பங்களில் ஆசிரியர் என்றால் மதிப்பு உண்டு. உஸ்தாது என்றால் எழுந்து நிற்பார்கள். டிரில் மாஸ்டர் என்றால் மட்டும் ஏனோ ஒரு புன்னகை தவழும்.

கெயின்ஸ் தம் வாழ்க்கை வரலாற்றை 2004ஆம் ஆண்டில் வெளியிட்டார். வெளிநாட்டில் வாழும் என் பழைய மாணவர் ஒருவர் அந்நூலை எனக்கு அனுப்பி வைத்தார். அதனை நான் மீண்டும் எடுத்து வைத்துக்கொண்டு அமர்ந்ததற்கு அண்மையில் எங்கள் குடும்பத்தில் எழுந்த ஒரு பேச்சே காரணம்.

என் தம்பியின் மகன் பன்னிரண்டாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்றுத் தேறியிருக்கிறான். பொறியியலோ மருந்தியலோ படிக்க வைத்து, இறைவன் நாடினால் துபாய்க்கோ சவூதிக்கோ அனுப்ப வேண்டும் என்பது அவன் வாப்பாவின் எண்ணம். பிள்ளையோ உடற்கல்விப் பட்டப்படிப்பில் சேரப்போவதாகச் சொல்லிவிட்டான். "பெரியவாப்பா சொன்னால் நான் கேட்பேன்" என்று முடிவை என் தலையில் வைத்தும் விட்டான். தம்பி என்னிடம் வந்தான். குரலை உயர்த்தவில்லை, மரியாதைக்கும் குறைவில்லை.

"காக்கா, நீங்கள் கோபிக்கக் கூடாது. முப்பத்தைந்து வருஷம் வெயிலில் நின்று ஊதினீர்கள். மற்றவர் பிள்ளைகளையெல்லாம் ஆளாக்கினீர்கள். உங்கள் கையில் மிஞ்சியது என்ன?"

என் மனைவி தேநீரை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கும் விடை தேவைப்பட்டிருக்கும். மாதக் கடைசியை முப்பத்தைந்து ஆண்டுகள் சமாளித்தவள் அவளல்லவா! "இரண்டு நாள் அவகாசம் கொடு, தம்பி" என்று சொல்லி அனுப்பினேன். கேள்வி நேர்மையானது. பிள்ளையைப் பெற்ற எவரும் கேட்கத் தகுந்தது. அதற்கு உணர்ச்சியால் விடை கூறிவிடக் கூடாது. கணக்குப் பார்த்தே கூற வேண்டும். என் வாழ்வைவிடப் பன்மடங்கு பெரியதான ஒரு வாழ்வை வைத்துக் கணக்கிட்டால் அது தெளிவாக விளங்கும் அல்லவா?

*

கெயின்ஸின் கையில் மிஞ்சியது என்ன? முதலில் கிளியோ ஹில் என்னும் மாணவரை எடுத்துக்கொள்வோம். நியூ ஜெர்சி மாநிலத்தின் நூவர்க் நகரிலிருந்து வந்து, 1957 முதல் 1961 வரை வின்ஸ்டன்-சேலத்தில் ஆடியவர். இரு கைகளாலும் எந்தக் கோணத்திலிருந்தும் கூடையை நோக்கும் ஆற்றல் பெற்றவர். 1961ஆம் ஆண்டில் செயின்ட் லூயி நகரின் தொழில்முறை அணி அவரை முதற்சுற்றிலேயே தேர்ந்தெடுத்தது. ஒரு கறுப்பினச் சிறு கல்லூரிக்கு அது எத்தகைய பெருமை! ஆனால் அங்கு நிகழ்ந்தது வேறு. புதியவரை ஆதரித்த பயிற்றுநர் பருவத்தின் நடுவிலேயே நீக்கப்பட்டார். ஒரே ஒரு பருவத்தோடு ஹில்லின் தொழில்முறை ஆட்டம் முடிந்தது. அத்தனை திறமையும் வீணாயிற்று என்றுதானே எண்ணத் தோன்றும்?

அவரோ சொந்த ஊர் திரும்பினார். எஸெக்ஸ் கவுண்டிக் கல்லூரியில் கூடைப்பந்துப் பயிற்றுநராகிப் பல்லாண்டுகள் இளைஞர்களை உருவாக்கினார். தம்மிடம் ஒருவர் செய்ததைத் தாம் பிறருக்குச் செய்தார். கெயின்ஸ் அவருக்கு எறிபந்தை மட்டும் கற்றுக்கொடுத்திருந்தால் 1962ஆம் ஆண்டிலேயே அவர் வாழ்வு முடிந்திருக்கும். ஆட்டம் பறிபோன பிறகும் எழுந்து நிற்க ஏதோ ஒன்று அவரிடம் இருந்தது. அதற்குப் புள்ளிப் பட்டியலில் கட்டம் இல்லை.

அடுத்தவர் எர்ல் மன்றோ. ஃபிலடெல்ஃபியா நகரத்துப் பிள்ளை. 1963ஆம் ஆண்டில் வந்து சேர்ந்த அவரைக் கெயின்ஸ் முதலாண்டில் பெரும்பாலும் பலகையில்தான் அமர்த்தினார். அவ்வாண்டு ஓர் ஆட்டத்துக்கு அவரது சராசரி 7 புள்ளிகளே. இன்றைய பெற்றோராயின் மறுநாளே வேறு கல்லூரி தேடியிருப்பர்! அடுத்த ஆண்டு 23. அதற்கடுத்த ஆண்டு ஏறத்தாழ 30. நான்காம் ஆண்டில் 41.5. காத்திருக்கக் கற்றவன் எவ்வளவு வளர்வான் என்பதை இந்த நான்கு எண்களே சொல்லிவிடும். அந்த நான்காம் ஆண்டில், அதாவது 1966-67 பருவத்தில், வின்ஸ்டன்-சேலம் 31 ஆட்டங்களில் வென்று ஒன்றில் மட்டுமே தோற்றது. 1967ஆம் ஆண்டு மார்ச்சில் இந்தியானா மாநிலத்தின் எவன்ஸ்வில் நகரில் நடந்த இறுதிப் போட்டியில் தென்மேற்கு மிசௌரி அணியை 77-74 என வீழ்த்தியது. தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கத்தின் கூடைப்பந்துப் பட்டத்தை ஒரு கறுப்பினக் கல்லூரி வென்றது அதுவே முதன்முறை. மன்றோ பின்னர்த் தொழில்முறை ஆட்டத்திலும் புகழின் உச்சியைத் தொட்டார். 1973ஆம் ஆண்டில் பட்டம் வென்ற நியூயார்க் அணியில் அவரும் ஒருவர்.

*

ஊரைப் பிளந்த கோட்டை முன்னர்க் குறித்தேன். அந்தக் கோடு என்னவாயிற்று?

1956ஆம் ஆண்டில் வேக் ஃபாரஸ்ட் என்னும் வெள்ளையர் கல்லூரி வின்ஸ்டன்-சேலத்துக்கு இடம்பெயர்ந்து வந்தது. ஒரே ஊரில் இரு கல்லூரிகள். இரண்டிலும் சிறந்த கூடைப்பந்து அணிகள். ஆனால் ஒன்றோடொன்று ஆடுவதற்கு வழியில்லை. வேக் ஃபாரஸ்ட் அணியின் வெள்ளை இளைஞரான பில்லி பேக்கருக்கு ஆவல் பொறுக்கவில்லை. கோட்டைக் கடந்து வந்து கெயின்ஸின் அணி ஆடுவதைக் கண்டார். கெயின்ஸ் அவரை விரட்டவும் இல்லை, வியந்து கொண்டாடவும் இல்லை; ஆட்டத்தைக் காண வந்த ஒருவருக்குரிய மரியாதையை அளித்தார். அந்த நட்பின் விளைவாக இரு கல்லூரிப் பிள்ளைகளும் அரங்கக் கதவைச் சாத்திக்கொண்டு, பார்வையாளர் இன்றி, ஊரறியாமல் சேர்ந்து ஆடினர். சட்டமும் வழக்கமும் வெளியே நின்றன; உள்ளே பந்து மட்டும் கைமாறியது.

1960ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள், அந்த ஊரின் ஊல்வொர்த் கடையில், கறுப்பினத்தவருக்கு மறுக்கப்பட்ட உணவு மேசையில் இவ்விரு கல்லூரி மாணவர்களும் ஒன்றாய் அமர்ந்து ஒன்றாய்ச் சிறைப்பட்டனர். ஏறத்தாழ மூன்று திங்களில், மே மாதத்தில், நகரின் உணவு மேசைகள் எல்லோருக்கும் திறக்கப்பட்டன. அந்த அறப்போரை நடத்தியவர்கள் மாணவர்கள். அதற்கான புகழைப் பயிற்றுநருக்குச் சூட்டுவது முறையன்று. ஆயினும் மன்றோவின் ஆட்டத்தைக் காண நகர அரங்கில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் தோளுரச அமர்ந்து ஒரே கூடைக்கு ஆர்ப்பரித்த காட்சி, சில ஆண்டுகளுக்கு முன்வரை அந்த ஊர் கனவிலும் கண்டிராதது.

வாசக அன்பர்களே! கதை இத்தோடு முடிந்திருந்தால் எவ்வளவு இனிமையாய் இருக்கும்! ஆனால் வாழ்க்கை அப்படி நம் விருப்பத்துக்கு முற்றுப்புள்ளி வைப்பதில்லை. கதவுகள் திறந்ததும் நிகழ்ந்தது என்ன? 1966ஆம் ஆண்டில் வட கரோலினாப் பல்கலைக்கழகம் சார்லி ஸ்காட் என்னும் கறுப்பின ஆட்டக்காரருக்கு உதவித்தொகை தந்து சேர்த்துக்கொண்டது. பிற பெரும் பல்கலைக்கழகங்களும் அவ்வழியைப் பின்பற்றின. பெரிய அரங்கம், பெரிய விடுதி, தொலைக்காட்சியில் முகம். பதினெட்டு வயதுப் பிள்ளை எங்கே போவான்? முன்பு கெயின்ஸைத் தவிர வேறு கதி இல்லாதிருந்த பிள்ளைகள், இப்போது அவரைக் கடந்து சென்றனர். எந்தக் கதவு திறக்க வேண்டுமென அவர் தலைமுறையே ஏங்கியதோ, அந்தக் கதவு வழியாகவே அவரது செல்வம் வெளியேறியது! இரண்டாம் மன்றோ அவருக்கு வாய்க்கவே இல்லை. கடைசி ஆண்டுகளில் தோல்விகள் பெருகின.

இந்த இடத்தை அடையும் போதெல்லாம் நான் நூலை மூடிவிட்டுச் சற்று நேரம் சும்மா இருப்பேன். எங்கள் பள்ளி மைதானம் செம்மண் தரை. கூடைக் கம்பங்கள் இரண்டும் நானே பழைய இரும்புக் கடையில் பேரம் பேசி வாங்கியவை. அங்கே ஆடப் பழகிய தோல்மண்டித் தொழிலாளியின் மகன் ஒருவன், மாவட்ட அளவில் கண்ணுக்குப் பட்ட ஆட்டக்காரன் ஆனான். நகரத்துப் பெரிய பள்ளியொன்று விடுதியும் உணவும் இலவசமாய்த் தந்து அவனை அழைத்துக்கொண்டது. அவ்வாண்டுப் போட்டியில் அவன் எங்களுக்கு எதிராகவே ஆடினான். எங்களைத் தோற்கடித்தும் விட்டான். அவன் புறப்பட்ட அன்று அவனது தகரப்பெட்டியைப் பேருந்தில் ஏற்றிவிட்டவன் நான். அவனுக்கு மூன்று வேளை உணவு உறுதியாயிற்று என்ற மகிழ்ச்சியும், என் அணி உடைந்தது என்ற வலியும் ஒரே நெஞ்சில் ஒரே நேரத்தில் இருந்தன. ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்கவில்லை. ஆசிரியத் தொழிலில் இவ்விரண்டையும் சேர்த்தே சுமக்க வேண்டும்.

கெயின்ஸ் சுமந்தார். 1980களின் இறுதியில் அவரது அணியில் ஸ்டீஃபன் ஸ்மித் என்றொரு மாணவர் இருந்தார். கல்லூரி இதழிலும் எழுதி வந்த அவர், உடல்நலத்தைக் கருதிக் கெயின்ஸ் ஓய்வு பெற வேண்டும் என அவ்விதழிலேயே எழுதிவிட்டார். தம் அணிப் பிள்ளையே தம்மைப் போகச் சொல்லி ஊரறிய எழுதினால் நம்மில் எத்தனை பேர் பொறுப்போம்? கெயின்ஸ் அவரைத் தம்மிடமிருந்து விலக்கவில்லை. அந்த மாணவர் பின்னர் அமெரிக்காவே அறிந்த விளையாட்டு விமரிசகரானார். கெயின்ஸைத் தம் தந்தையின் இடத்தில் வைத்தே பேசி வருகிறார். தன்னை எதிர்த்துப் பேசவும் துணிவு தருபவனே ஆசிரியன் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

1993ஆம் ஆண்டில், எழுபது வயதில், கெயின்ஸ் ஓய்வு பெற்றார். நாற்பத்தேழு பருவங்களில் 828 வெற்றிகள், 447 தோல்விகள். அந்நாளில் கல்லூரிக் கூடைப்பந்தில் அவரைவிட மிகுதியாய் வென்றிருந்தவர் கென்டக்கியின் அடால்ஃப் ரப் ஒருவரே. கூடைப்பந்து பிறந்த ஸ்பிரிங்ஃபீல்டில் அமைந்த புகழ்மாடம் 1982ஆம் ஆண்டிலேயே அவரை ஏற்றுக்கொண்டிருந்தது. எல்லோரும் 828ஐப் பேசுவர். என் கண் 447 என்னும் எண்ணின் மீதே நிற்கும். நானூற்று நாற்பத்தேழு இரவுகள் அவர் தோற்றுப்போன பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு திரும்பியிருக்கிறார். அழுதவனைத் தேற்றியிருப்பார், பழியை அடுத்தவன் மேல் போட்டவனைத் திருத்தியிருப்பார், மறுநாள் வகுப்புக்கு அனுப்பியிருப்பார். வெற்றி பெற்ற இரவில் ஆசிரியருக்கு வேலை குறைவு. அவர் தேவைப்படுவது அந்த மற்ற இரவுகளில்தான்.

*

இரண்டு நாள் கழித்துத் தம்பி வந்தான். நான் அவனுக்குக் கூறியதை இங்கும் எழுதுகிறேன். வேறு வீடுகளிலும் இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கலாம்.

"பொருளைக் கேட்டால், தம்பி, மிஞ்சியது குறைவுதான். ஓய்வூதியமும் இந்த வீடும். உன் மகன் இத்தொழிலுக்கு வந்தால் அவனுக்கும் பெருஞ்செல்வம் சேராது. அதை மறைத்து நான் அவனுக்கு ஆசை காட்ட மாட்டேன். வேலை கிடைப்பதும் எளிதன்று. கெயின்ஸையே எடுத்துக்கொள், பட்டத்தோடு நின்றுவிடாமல் முதுகலையும் படித்தார். இவனும் முழுதாகப் படிக்கட்டும். அரைகுறையாய்க் கற்றவனிடம் மற்றவர் பிள்ளையின் உடம்பை ஒப்படைக்க முடியாது."

"அப்படியானால் வேண்டாம் என்கிறீர்களா, காக்கா?"

"இல்லை. சென்ற மாதம் நம் தெருவில் சரக்கு லாரி அலுவலகம் வைத்திருப்பவர் என்னைக் கண்டு எழுந்து நின்றாரே, பார்த்தாயா? அவர் ஒருநாளும் என் அணியில் ஆடியதில்லை. கால் சற்று ஊனம். புள்ளிக் குறிப்பேட்டை அவர் கையில் கொடுத்து, கண்ட புள்ளியை மட்டும் எழுத வேண்டும் என்று சொல்லி வைத்திருந்தேன். மூன்றாண்டுகள் எழுதினார். ஒருமுறை எங்கள் அணிக்கு நடுவர் தவறாக இரண்டு புள்ளி கூட்டியபோது, எழுந்து சென்று நடுவரிடம் சொன்னவர் அவரே. அந்த ஆட்டத்தில் ஒரு புள்ளியில் தோற்றோம். இன்று ஊர்ப் பள்ளிவாசலின் கணக்கு அவர் கையில்தான் இருக்கிறது. ஊரில் யாரும் அவரிடம் இரண்டாம் முறை கணக்குக் கேட்பதில்லை. என் கையில் மிஞ்சியது என்ன என்று கேட்டாய். என் கையில் ஒன்றும் இல்லை. அவர் கையில் இருக்கிறது."

தம்பி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, மகனுக்கு உள்ளபடியே விருப்பமா, அல்லது விளையாட்டின் மீதுள்ள மயக்கமா என்று கேட்டான். நல்ல கேள்வி. அதற்கு விடை சொல்ல வேண்டியவன் நான் அல்லன், அந்தப் பிள்ளை. கோடை விடுமுறையில் காலை ஐந்தரை மணிக்கு நம் தெருச் சிறுவர்களைச் சேர்த்துப் பயிற்றுவிக்கும்படி அவனிடம் சொல்லியிருக்கிறேன். தான் ஆடக் கூடாது. கற்றுக்கொடுக்க மட்டுமே வேண்டும். ஆடும் ஆசையை அடக்கிக்கொண்டு, இயலாத பிள்ளையிடம் மிகுதியான நேரம் நிற்க அவனால் முடியுமானால், அவன் இதற்குப் பிறந்தவன். முடியாவிடில் மருந்தியல் நல்ல படிப்பு. அதிலும் மனிதருக்குத் தொண்டு செய்யலாம். அவன் தொடங்கிப் பதினொரு நாட்கள் ஆகின்றன. இதுவரை ஒருநாளும் தவறவில்லை.

பெற்றோர்களே, பிள்ளை எத்தொழிலைத் தேர்ந்தாலும், அத்தொழில் அவனுக்கு என்ன தரும் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் கடமை. அத்தோடு, அவன் வழியாக அத்தொழில் பிறருக்கு என்ன தரும் என்பதையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பல் மருத்துவம் படிக்கப் போகவிருந்த இளைஞர் ஒருவர் ஒரு சிறு கல்லூரியில் தங்கிவிட்டார். அவர் போயிருந்தால் ஓர் ஊருக்கு நல்ல மருத்துவர் ஒருவர் கிடைத்திருப்பார், அதுவும் சிறப்பே. ஆனால் உணவகங்களும் விடுதிகளும் கதவடைத்த காலத்தில், வழிநெடுகிலும் தங்க இடமின்றித் திரிந்த பிள்ளைகளுக்கு ஒரு பெரிய வீடு கிடைத்திருக்காது.